கச்சேரிக்குப் பின்னால் ஒரு கொட்டடி

வடுகபட்டியில் சிறை கிடையாது. பூண்டு மண்டிகள் உண்டு, பேரூராட்சி உண்டு, கவிஞர் வைரமுத்து வளர்ந்த ஊர் என்ற பெயரும் உண்டு. கம்பி எண்ண வேண்டியவர் பெரியகுளத்துக்குத்தான் போக வேண்டும். ரிமாண்டு என்றால் அங்குள்ள கிளைச் சிறை. கம்பம், சின்னமனூர்ப் பக்கத்து ஆளாக இருந்தால் உத்தமபாளையம். பெண்களை நிலக்கோட்டைக்குக் கொண்டுபோவார்கள். குமுளி தாண்டி ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போன இடத்தில் வம்பில் மாட்டினால் பீருமேடு. தண்டனை விழுந்து, அதுவும் நீண்டதாக இருந்தால் மதுரை மத்திய சிறை. கம்பம் பள்ளத்தாக்கில் யாராவது ‘மாமியார் வீட்டுக்குப் போயிருக்கான்’ என்று சொன்னால் இந்த ஊர்களில் ஒன்றைத்தான் சொல்கிறார் என்று அர்த்தம்.

இவற்றில் மதுரைச் சிறைக்கு ஒரு வரலாறு உண்டு. மேடைகளில் பேசப்படுகிறது, தியாகிகளின் நினைவுக் குறிப்புகளில் வருகிறது. தாலுகா கச்சேரியை ஒட்டி நின்ற சின்னக் கொட்டடிகளைப் பற்றி அப்படி யாரும் பேசுவதில்லை. பழைய சிறைக் கட்டடங்களை என்ன செய்வது என்ற கேள்வி தமிழ்நாட்டில் இப்போது வாசலுக்கே வந்துவிட்டது. சென்னையில் இடித்து முடித்தாகிவிட்டது. கோவையில் சிறை நிலத்தில் பூங்கா வந்துவிட்டது. மதுரையில் இடம் மாற்றும் பேச்சு நடக்கிறது. இந்த விவாதத்தில் கட்டடத்தைக் காப்பாற்ற வருகிறவர்கள் எல்லாரும் அங்கே இருந்த தலைவர்களின் பெயரைச் சொல்லித்தான் காப்பாற்றப் பார்க்கிறார்கள். என் கட்சி வேறு. தலைவர் யாரும் தங்காத சிறைக்கும் வரலாறு உண்டு. ஒரு வட்டாரத்தின் உண்மையான சிறை வரலாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

சிறை என்பது நமக்கு வெள்ளைக்காரன் கொண்டுவந்து கொடுத்தது அல்ல. சேரமான் கணைக்கால் இரும்பொறை சோழனிடம் தோற்றுக் குடவாயிற் கோட்டத்தில் அடைபட்டதைப் புறநானூறு பதிந்திருக்கிறது. சிலப்பதிகாரத்தில் வார்த்திகன் என்ற அந்தணனைக் களவுப் பழி சுமத்தி மதுரையில் சிறை வைக்கிறார்கள். பிறகு பாண்டியன் தவறை உணர்ந்து விடுவிக்கிறான். மணிமேகலை இன்னும் ஒருபடி மேலே போகிறது. சோழ மன்னனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றிவிடுகிறாள் மணிமேகலை. அதற்கென்று ஒரு காதையே உண்டு. பழைய சிறைக் கட்டடத்தை வேறு நல்ல காரியத்துக்குத் திருப்புவது எப்படி என்று இன்றைக்குக் குழு போட்டு யோசிக்கும் அதிகாரிகள் முதலில் மணிமேகலை எழுதிய சாத்தனாரைப் படிக்கலாம்.

ஆனால் அந்தச் சிறைகள் வேறு, நாம் பார்க்கும் சிறைகள் வேறு. அன்றைய சிறை தோற்ற மன்னனை, வரி கட்டாதவனை, விசாரணை முடியாதவனைப் பிடித்து வைக்கும் இடம். தண்டனை என்பது அபராதம், கசையடி, தொழுமரம், ஊர்விலக்கு, உயிரெடுப்பு என்று வேறு வழிகளில் போனது. பாளையக்காரர்கள் காலத்தில் பெரியகுளம் வடகரை, போடி, கண்டமனூர் என்று பல பாளையங்கள் இந்தப் பக்கம் இருந்தன. காவலும் விசாரணையும் அவர்கள் கையில். ஒருவனை ஐந்து வருஷம் ஓர் அறையில் போட்டு, நாளுக்கு இத்தனை அவுன்ஸ் தானியம் என்று அளந்து போட்டு, அதையே தண்டனை என்று சொல்லும் யோசனை கம்பெனி ஆட்சியோடு வந்தது.

அந்த ஆட்சியின் ஆரம்பத்திலும் ஒழுங்கான சிறை கிடையாது. கோட்டைகளின் மூலைகள், பழைய அரண்மனைகள், கிடங்குகள் என்று கிடைத்த இடத்தில் அடைத்தார்கள். கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை 1816-இல் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். 1832-இல் அங்கேயே இறந்தான். சாதாரணக் கைதிகளைக் காலில் சங்கிலி பூட்டிச் சாலை போடும் வேலைக்கு விரட்டினார்கள். அதை மாற்றச் சொன்னது மெக்காலேயின் யோசனைப்படி அமைந்த சிறை ஒழுங்குக் குழு. அது 1838-இல் அறிக்கை தந்தது. சாலை வேலைக்குப் போகும் கைதிக்குக் காற்றும் வெளிச்சமும் ஊர்ப்பேச்சும் கிடைக்கிறது, அது தண்டனையே இல்லை, உள்ளே அடைத்துச் சலிப்பூட்டும் கடும் வேலை கொடுங்கள் என்பது அதன் சாரம். செக்கும் கல் உடைப்பும் உள்ளே வந்த கதை இதுதான். மனிதனை வருத்துவதற்கென்றே கட்டடம் வேண்டும் என்ற எண்ணமும் அங்கிருந்துதான் கிளம்பியது.

சென்னை மாகாணத்தில் இதன் பலனைத் தேதிகளிலேயே பார்க்கலாம். வேலூர் சிறை 1830-இலேயே தொடங்கிவிட்டது; சென்னைச் சிறை 1837. அதன் பிறகு, 1857 கலவரத்துக்குப் பின், ஒரே மூச்சில் வரிசையாகக் கட்டினார்கள். சேலம் 1862, மதுரை, திருச்சி, கடலூர் மூன்றும் 1865, கண்ணூர் 1869, கோவை 1872, பாளையங்கோட்டை 1880. இருபது வருஷத்துக்குள் மாகாணம் முழுக்க உயர்ந்த மதில்கள் எழுந்துவிட்டன. மதுரையில் அந்தச் சிறைக்குப் போகும் சாலைக்கு இன்றைக்கும் ‘புது ஜெயில் ரோடு’ என்றுதான் பெயர். நூற்றைம்பது வருஷம் தாண்டியும் ‘புது’ போகவில்லை. கரிமேட்டிலிருந்து அரசரடிக்குப் போகிறவர்கள் யாரும் அதைக் கவனிப்பதில்லை.

சிறைகளை ஆளும் சட்டம் 1894-இல் வந்தது. கைதிகளை எப்படிப் பிரித்து வைப்பது, என்ன வேலை வாங்குவது, உள்ளே தப்புச் செய்தால் என்ன தண்டனை என்று எல்லாவற்றையும் சொன்ன சட்டம். உள் தண்டனைகளில் முப்பது கசையடிவரை இருந்தது. இந்தச் சட்டம் சுதந்திர இந்தியாவிலும் முக்கால் நூற்றாண்டு நடமாடியது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றிய அரசு 2023-இல்தான் மாதிரிச் சட்டம் ஒன்றைத் தயாரித்து மாநிலங்களுக்கு அனுப்பியது.

மத்திய சிறைகள் ஒரு பக்கம் இருக்க, ஒவ்வொரு தாலுகா தலைமையிடத்திலும் ஒரு சப் ஜெயில் வேண்டியிருந்தது. அன்று கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் பெரியகுளம் தாலுகாவுக்குள் அடக்கம்; தாலுகா மதுரை ஜில்லாவுக்குள் அடக்கம். தேனி தனி மாவட்டமானது 1996-இல்தான். லோயர் கேம்ப் அடிவாரத்தில் ஆடு திருடினவனையும் பெரியகுளத்துக்கு நடத்திக்கொண்டுதான் போக வேண்டியிருந்திருக்கும். கச்சேரி, கஜானா, சப் ஜெயில் மூன்றையும் ஒரே வளாகத்தில் வைப்பது அன்றைய வழக்கம். பணத்தையும் கைதியையும் ஒரே காவலில் பார்த்துக்கொள்ளலாம் என்ற சிக்கனக் கணக்கு அதில் இருந்தது. சர்க்காருக்கு இரண்டுமே ஓடிப்போகக் கூடாத சரக்குதானே.

இந்த மாதிரி தாலுகாக் கட்டடங்களை ஒன்று பார்த்தால் போதும், மற்றதையும் அடையாளம் கண்டுகொள்ளலாம். சுண்ணாம்புக் காரையில் கட்டிய இரண்டடிச் சுவர். மேலே தேக்கு உத்தரம் போட்டு, மெல்லிய செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளம். ஆள் உயரத்துக்கு மேலே, கூரைக்குக் கீழே, கைப்பிடி அகலத்தில் காற்றுவழி; அதிலும் கம்பி. கொட்டடிக்கு மரக்கதவு கிடையாது, இரும்புக் கிராதிதான். அதில் கவனிக்க வேண்டியது தாழ்ப்பாள். பட்டையான நீளக் கம்பி கதவிலிருந்து பக்கச் சுவருக்குப் போய், அங்கே சுவரைக் குடைந்த ஒரு பொந்துக்குள் பூட்டப்படும். கிராதி வழியாக எவ்வளவு கையை நீட்டினாலும் பூட்டு எட்டாது. அந்தமான் செல்லுலார் சிறைக்குப் போனவர்களிடம் வழிகாட்டிகள் பெருமையாகக் காட்டும் அதே உத்தி. அங்கே 1896 முதல் 1906 வரை கட்டி முடித்த எழுநூற்றுக்குச் சற்றுக் குறைந்த கொட்டடிகளுக்குச் செய்ததை, இங்கே நாலைந்து கொட்டடி உள்ள கட்டடங்களிலும் செய்தார்கள். முற்றத்தில் ஒரு கிணறு அல்லது தொட்டி, சமையலுக்கு ஒரு சாய்ப்பு, வாசலில் வார்டர் உட்கார ஒரு திண்ணை. அவ்வளவுதான்.

உள்ளே யார் இருந்தார்கள் என்பதுதான் முக்கியமான கேள்வி. அதற்குப் பதில் மழையையும் பஞ்சத்தையும் சட்டத்தையும் பொறுத்து மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் மாகாணத்தின் சிறைகள் நிரம்பி வழிந்தன. தானியக் கடையைச் சூறையாடினவர்கள், சந்தைக்குப் போகும் வண்டியை மறித்தவர்கள். அப்போது பஞ்ச நிவாரண வேலைக்குக் கூலியாக ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி நிர்ணயித்தது நாளுக்கு ஒரு பவுண்டு தானியம். நம் கணக்கில் அரைக் கிலோகூட இல்லை. கைதிக்குச் சிறையில் போட்ட அளவு இதைவிட அதிகம். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதை எதிர்த்துச் சண்டை போட்டார். ஊரில் மண் வெட்டினவனைவிட ஜெயிலில் களி தின்றவனுக்கு வயிறு கொஞ்சம் நிறைந்தது என்றால் அந்தக் காலம் எப்படி இருந்திருக்கும்! ஆனாலும் ஏற்கெனவே பட்டினியில் வற்றிப்போய் உள்ளே வந்தவர்கள் கும்பல் கும்பலாகச் செத்தார்கள். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் 1895-இல் பள்ளத்தாக்குக்கு வந்து இருபோகம் விளையத் தொடங்கிய பிறகு இந்தப் பக்கத்தின் முகமே மாறியது. எந்தக் குற்றங்கள் குறைந்தன, எவை கூடின என்பதை அந்தந்த வருஷத்துச் சிறைப் பதிவேடுகள் இல்லாமல் யாரும் சொல்ல முடியாது.

அடுத்தது ரேகைச் சட்டம். குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-இலேயே வட இந்தியாவில் வந்துவிட்டது. 1911 திருத்தத்துக்குப் பிறகுதான் சென்னை மாகாணத்துக்குள் நுழைந்தது. பிரமலைக் கள்ளர்கள் மீது அது பாய்ந்தபோது மதுரை, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, கம்பம் பள்ளத்தாக்கு என்று ஒரு வட்டாரமே அதன் பிடிக்குள் போனது. வயது வந்த ஆண்கள் பத்து விரல் ரேகையும் கொடுத்துப் பதிந்துகொள்ள வேண்டும். இரவானால் வீட்டில் படுக்கக் கூடாது. காவல் நிலையத்திலோ ஊர்ச் சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக வேண்டுமானால் ராதாரிச் சீட்டு. கல்யாணமான மறுநாளும் மாப்பிள்ளை சாவடிக்குத்தான் போக வேண்டும். எந்தக் குற்றமும் செய்யாதவனுக்கு நீதிமன்றம் பார்க்காத இரவுச் சிறை இது.

1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை கொடுக்க மறுத்து மக்கள் திரண்டபோது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். பிடிபட்டவர்களைச் சங்கிலியில் பிணைத்துத் திருமங்கலம்வரை நடத்திக்கொண்டு போனதை அந்தப் பக்கத்து மக்கள் இன்றும் சொல்வார்கள். சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் ஒழிந்தது. அந்தக் காலத்துச் சாவடிகளில் சில இன்னமும் ஊர்களுக்கு நடுவே நிற்கின்றன. பகலில் தாயம் ஆடுகிறார்கள், மழைக்கு ஆடு ஒதுங்குகிறது. என்னைக் கேட்டால் தேனி, மதுரை வட்டாரத்தின் பழைய சிறைக் கட்டடங்கள் பட்டியலில் முதலில் எழுத வேண்டியது இந்தச் சாவடிகளைத்தான். மதிலும் கிராதியும் இல்லை என்பதால் அவை கணக்கில் விட்டுப்போகக் கூடாது. சட்டத்தின் மறுமுகமாக வந்த கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இன்றும் மூன்று மாவட்டங்களில் நடக்கின்றன. அவற்றுக்காவது கோப்பு இருக்கிறது, துறை இருக்கிறது.

மதுவிலக்கு வந்தபோது சப் ஜெயில்களுக்கு வேறு கூட்டம் வந்தது. ராஜாஜி 1937-இல் சேலத்தில் தொடங்கிவைத்தது பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது. சாராயம் காய்ச்சினவன், கடத்தினவன், குடித்துவிட்டுப் பேருந்து நிலையத்தில் விழுந்து கிடந்தவன் எல்லாருக்கும் ஒரு வாரம், பத்து நாள். மது கொஞ்சம் ஓய்ந்ததும் மேற்குமலையின் கஞ்சா வந்தது. 1985-இன் போதைப்பொருள் சட்டத்தில் ஜாமீன் லேசில் கிடைக்காது. மதுரையில் அதற்கென்று தனி நீதிமன்றமே இருக்கிறது. மலையில் பயிரிட்டவன், பொட்டலம் போட்டவன், யாருக்கோ பையைத் தூக்கிவந்த கிழவி என்று வரிசை நீளும். பையைக் கொடுத்தனுப்பியவன் இந்த வரிசையில் அதிகம் தென்படுவதில்லை. இன்று இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். தண்டனைக் கைதிக்காகக் கட்டிய பெரிய சிறையைவிட, ரிமாண்டு ஆளுக்காகக் கட்டிய சின்னச் சிறைதான் நம் சிறை அமைப்பின் உண்மையான முகம் என்று சொல்வது இதனால்தான்.

தலைவர்களின் சிறைகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. கோவைச் சிறையில் வ.உ.சி. செக்கிழுத்தார். 1908 ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் குறைந்து, கோவையிலும் கண்ணூரிலும் கழித்து 1912 டிசம்பரில் வெளியே வந்தார். வாசலில் வரவேற்கக் கூட்டம் இல்லை. சுப்பிரமணிய சிவா தொழுநோயோடு வெளியே வந்தார். பாரதி 1918 நவம்பரில் புதுச்சேரி எல்லையைத் தாண்டியதும் கைதாகிக் கடலூரில் மூன்று வாரத்துக்கு மேல் அடைபட்டிருந்தார். ராஜாஜி வேலூரில் இருந்தபோது நாள்குறிப்பு எழுதினார். மதுரையில் 1947-இல் நடந்தது ஒரு நாடகக் காட்சி மாதிரி இருக்கும். கம்யூனிஸ்டுகள் பி. ராமமூர்த்தி, என். சங்கரய்யா, கே.டி.கே. தங்கமணி முதலியோர் மீது சதி வழக்கு. விடிந்தால் சுதந்திரம். ஆகஸ்ட் 14 மாலை நீதிபதியே சிறைக்குள் வந்து அவர்களை விடுவித்தார்.

அதே மதுரைச் சிறையில் 1951-இல் தொழிலாளி பாலு தூக்கிலிடப்பட்டார். அதற்கு ஒரு வருஷம் முன்பு, 1950 பிப்ரவரி 11 அன்று, சேலம் சிறைக்குள் துப்பாக்கிச் சூட்டில் 22 கைதிகள் மாண்டார்கள். கொடி மாறி மூன்று வருஷம்கூட ஆகவில்லை. இலங்கையில் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் குட்டிமணி, தங்கதுரை உட்பட 53 தமிழ்க் கைதிகள் சக கைதிகளாலேயே கொல்லப்பட்டார்கள். 1841-இல் வெள்ளைக்காரர்கள் கட்டிய மதில் அது. உள்ளே நடந்ததற்கு வெள்ளைக்காரனைக் குற்றம் சொல்ல முடியாது.

கட்டடம் தன் காலத்துச் சமூகத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும் என்பதற்குப் பாளையங்கோட்டை ஒரு சாட்சி. அங்கே கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து வைத்தார்கள். மோதலைத் தவிர்க்க என்று காரணம் சொன்னார்கள். உயர் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 3 அன்று அளித்த தீர்ப்பில் சிறைகளில் சாதிப் பிரிவினையே கூடாது என்றது. எந்தச் சாதிக்காரன் சமைக்க, எந்தச் சாதிக்காரன் கக்கூஸ் கழுவ என்று பிரித்த பழைய சிறைக் கையேடுகளின் விதிகளையும் ரத்துசெய்தது. பழைய குற்றப் பரம்பரை முத்திரையின் மிச்சசொச்சம் அந்தக் கையேடுகளில் ஒட்டிக்கொண்டிருந்ததையும் சுட்டிக்காட்டியது. பெருங்காமநல்லூருக்கு நூற்று நான்கு வருஷம் கழித்து.

இனி, கட்டடங்களுக்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்போம்.

சென்னை மத்திய சிறை 2006-இல் புழலுக்குப் போனது. 2009 தொடக்கத்தில் சில நாள் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். சனம் வரிசைகட்டி நின்றது. சுபாஷ் சந்திர போஸ் இருந்த அறை எது, ஜெயலலிதா இருந்த அறை எது என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தார்கள். அந்த வருஷ நடுவில் இடிக்கத் தொடங்கினார்கள். 172 வருஷக் கட்டடம். அந்த இடத்தில் மருத்துவக் கல்லூரியின் புதிய கட்டடங்கள் எழுந்தன. மருத்துவக் கல்லூரி வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் நெருக்கடி நிலையில் தி.மு.க.வினரை அடித்து நொறுக்கிய, சிட்டிபாபு உயிரைப் பறித்த சிறை அது. அதை நீதிபதி இஸ்மாயில் ஆணையம் விசாரித்தது. அந்தச் சிறையை இடித்தது தி.மு.க. ஆட்சியே என்பதுதான் எனக்கு இன்றுவரை புரியாத சங்கதி. ஒரு பிளாக்கை மட்டுமாவது விட்டுவைத்திருந்தால் அந்தக் கதையைச் சொல்ல ஒரு சுவராவது மிஞ்சியிருக்கும்.

கோவையில் காந்திபுரத்துச் சிறை நிலத்தின் ஒரு பகுதி செம்மொழிப் பூங்காவாகிவிட்டது. சிறையை ஊருக்கு வெளியே கொண்டுபோகும் வேலை நடக்கிறது. மதுரைச் சிறையை மேலூர்ப் பக்கம் இடையபட்டிக்கு மாற்றத் திட்டம் வந்தபோது, அங்குள்ள காட்டை அழிக்காதே என்று ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். எதிர்ப்பு முழுக்கப் புதிய இடத்தைப் பற்றியே இருந்தது. காலியாகப்போகும் 1865-ஆம் வருஷத்துக் கட்டடத்தைப் பற்றி மதுரைக்குள் பெரிய பேச்சு எழவில்லை. நகரத்தின் நடுவில் அவ்வளவு நிலம் சும்மா கிடைத்தால் யாருக்கு என்ன ஆசை வரும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வெளியூர்களில் பல வழி பார்த்திருக்கிறார்கள். பெங்களூரு மத்திய சிறை 1867-இல் கட்டியது. அது காலியானதும் கண்காணிப்புக் கோபுரத்தையும் சில கொட்டடிகளையும் விட்டுவைத்து 2008-இல் ‘ஃப்ரீடம் பார்க்’ என்று திறந்தார்கள். இன்று நகரத்தின் போராட்டங்கள் நடக்கும் திடல் அது. சிறைக்கு இதைவிடப் பொருத்தமான மறுபிறவி கிடையாது என்பது என் எண்ணம். வங்காளத்தில் ஹிஜ்லி தடுப்பு முகாம், 1951-இல் காரக்பூர் ஐ.ஐ.டி. தொடங்கிய இடமானது. தெலங்கானாவில் 1796-இல் கட்டிய சங்காரெட்டி சிறையை அருங்காட்சியகமாக்கி, 500 ரூபாய் கட்டினால் ஒரு நாள் கைதியாக இருக்கலாம் என்று 2016-இல் அறிவித்தார்கள். கைதி உடை, அலுமினியத் தட்டு, உள்ளே செல்பி. இதை என்னால் ரசிக்க முடியவில்லை. காசு கட்டிப் போனவனுக்கு மறுநாள் காலை கதவு திறக்கும் என்று தெரியும். சிறையின் கொடுமை அது தெரியாததில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தின் கவுண்டி சிறை 1851-இல் கட்டியது. இப்போது சொகுசு ஓட்டல். கண்டியின் போகம்பரைச் சிறை 2014-இல் மூடப்பட்ட பிறகு அதையும் சுற்றுலாவுக்குத் திருப்பும் யோசனைகள் வந்தன.

எனக்குப் பிடித்தது டப்ளின் நகரத்தின் கில்மெய்னம் சிறை. 1796-இல் திறந்து, 1924-இல் மூடி, கூரை இடிந்து மரம் முளைத்துக் கிடந்தது. அரசாங்கம் கைவிட்டதை 1960-இல் ஊர்க்காரர்களே கூலி வாங்காமல் கையில் எடுத்துச் சீராக்கினார்கள். அங்கே தூக்குக்கும் துப்பாக்கிக்கும் பலியான ஐரிஷ் தலைவர்களின் பெயர் இருக்கிறது. அதே சுவருக்குள் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ரொட்டி திருடி அடைபட்ட ஏழைகளின் கதையையும் சேர்த்துச் சொல்கிறார்கள். பஞ்சத்துக் கைதியையும் தியாகியையும் ஒரே கூரையின் கீழ் வைத்துப் பேசத் தெரிந்ததுதான் அந்த இடத்தின் பெருமை. தாது வருஷம் நமக்கும் இருந்தது.

பெரியகுளம், உத்தமபாளையம் மாதிரி ஊர்களில் தாலுகாச் சிறையைப் பெரிய அருங்காட்சியகமாக ஆக்குங்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. அது நடக்காது, நடக்க வேண்டியதும் இல்லை. சில கட்டடங்கள் இன்னும் பயன்பாட்டில் இருக்கின்றன. உள்ளே இருக்கிறவனுக்குக் காற்றோட்டமும் கழிப்பறையும் மனு பார்க்க வருகிறவர்கள் நிற்க நிழலும்தான் முதலில் வேண்டும். பழைமையைக் காக்கிறேன் என்று ஒரு மனிதனை இரண்டடிச் சுவருக்குள் இருட்டில் வைத்திருக்க எந்த நியாயமும் கிடையாது. புதுச் சிறை தேவையென்றால் கட்டத்தான் வேண்டும்.

நான் கேட்பது அதற்கு முந்தின ஒரு சின்ன வேலை. பழைய சிறை எதையும் காலி செய்வதற்கு முன் அதன் பதிவேடுகளை எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். சிறைக்குள் வருகிறவனின் பெயர், தகப்பன் பெயர், ஊர், வயது, சாதி, தொழில், அங்க அடையாளம், உள்ளே வரும்போது எடை, கழற்றி வாங்கி வைத்த பொருள், எந்தக் கோர்ட்டு, எந்தப் பிரிவு, வெளியே போன தேதி என்று எல்லாவற்றையும் சிறை எழுதி வைக்கிறது. ஒரு கூலிக்காரனுடைய உடல் எடையை வேறு எந்தச் சர்க்கார் ஏடு எழுதியது? எந்தப் பஞ்சத்தில் நம் ஊர்க்காரன் எத்தனை பவுண்டு இருந்தான் என்பது அங்கேதான் இருக்கும். கட்டடம் நின்றும் இந்த ஏடுகள் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டால் பாதி வரலாறு போனது போனதுதான். ஏடுகள் தப்பித்துக் கட்டடம் போனால் முக்கால்வாசி வரலாறு மிஞ்சும்.

அடுத்தது அளந்து வரைவது. மதுரையில் கட்டடக் கலை படிக்கும் மாணவர்கள் எத்தனையோ கோயில் மண்டபங்களை அளந்து வரைகிறார்கள். ஒரு வருஷம் சப் ஜெயிலையும் சாவடியையும் அளக்கட்டும். தளம், உத்தரம், கிராதி, அந்தத் தாழ்ப்பாள் பொந்து எல்லாவற்றுக்கும் படம் இருந்தால் நாளை இடித்தாலும் எப்படி இருந்தது என்று தெரியும். மூன்றாவதாக, மனிதர்கள். ஓய்வுபெற்ற வார்டர்கள் பெரியகுளத்திலும் தேனியிலும் மதுரையிலும் இருக்கிறார்கள். வழிக்காவலுக்குப் போன போலீஸ்காரர்கள் இருக்கிறார்கள். உள்ளே இருந்து வந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் பேச மாட்டார்கள் என்று நாமே முடிவுகட்டிக்கொள்கிறோம். பெயரை வெளியிடாமல் கேட்டால் பேசுவார்கள். பூண்டு மண்டியில் மூட்டை தூக்கும் பெரியவர்களிடம் ஜெயில் சாப்பாட்டைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். களிக்கு என்ன குழம்பு, சோற்றில் எத்தனை கல் என்று வரிசையாகச் சொல்லக்கூடியவர் ஒருவராவது அகப்படுவார்.

பழைய சர்க்கார் ஏடுகளை வைக்கச் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. எந்த ஏடு எங்கே கிடக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் பத்து ரூபாய். பெரியகுளம் நீதிமன்றத்தில் தொழில் செய்யும் இளம் வழக்கறிஞர்களும் இந்தப் பள்ளத்தாக்கின் கல்லூரிகளில் வரலாறு படிக்கும் பிள்ளைகளும் முதல் மனுவை எழுதிப் போடட்டும். பெரியகுளம் கிளைச் சிறையின் மிகப் பழைய சேர்க்கைப் பதிவேடு எந்த வருஷத்தது, இப்போது அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்.